வென்ட்வுட் காட்டில் மூன்று மணித்தியாலம்

சவிரிமுத்துவின் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கப்போகிறார்களாம். அவனுடைய தமையன் மகன் கடைக்கு வந்து, "மாமா, உங்களுக்குத்தான் சித்தப்பாவை நல்லாத் தெரியும், ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ" என்றான். தெரியும்தான். அதுதான் கரைச்சல். இந்த நினைவு மலர்களில் வருகிறவர்கள் எல்லாரும் சிரித்த முகம் மாறாதவர்கள், கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாதவர்கள், எறும்புக்கும் தீங்கு நினையாதவர்கள். லண்டனுக்குத் தெற்கே மிச்சம் என்ற ஊரில் பன்னிரண்டு வருசமாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். அப்படி ஒரு மனிதரும் இன்னும் என் கடைக்குச் சாமான் வாங்க வரவில்லை.

சவிரிமுத்துவும் அப்படியான ஆளில்லை. ரோட்டில் குறுக்கே வெட்டுகிறவனைக் கண்ணாடியை இறக்கித் தமிழிலேயே திட்டுவான். சீட்டாடினால் அளாப்பி வெல்லப் பார்ப்பான். ஆனால் அவன் வாழ்க்கையில் பெரிதாக ஒரு பிழைதான் விட்டான், அதையும் நல்ல மனதோடு விட்டான். அதை மறைத்துவிட்டு எழுதினால் அது அவன் கதையாக இராது.

மன்னார் பேசாலையில் ஐம்பதாம் ஆண்டு பிறந்தவன். தகப்பனுக்கு இரண்டு வள்ளம் இருந்தது. இவனுக்குக் கடல் ஒத்துவரவில்லை, ஏறினால் சத்தி. அதனால் மீன் லொறி ஓடினான், பேசாலையிலிருந்து கொழும்புக்கு. எழுபத்தொன்பதில் ஒருநாள் லொறியோடு திரும்பி வரும்போது ஊர்க்காரர் நாலு பேர் தள்ளாடிச் சந்தியில் மறித்தார்கள். "அப்புவுக்குக் கொஞ்சம் காய்ச்சல், பயப்பிட ஒண்டுமில்லை" என்று சொல்லி, சாப்பாட்டுக்கடையில் இருத்தி, சோறும் மீன்குழம்பும் வயிறு முட்டச் சாப்பிட வைத்தார்கள். வீட்டு ஒழுங்கைக்குள் லொறி திரும்பியபோதுதான் ஒப்பாரி கேட்டது. தகப்பன் முதல் நாளே போய்விட்டார்.

இந்தக் கதையை அவன் என் கடையில் எத்தனை தரம் சொல்லியிருப்பான் என்று கணக்கில்லை. கோபமாகச் சொல்லமாட்டான், நன்றியோடு சொல்லுவான். "அந்தச் சோறு இல்லாட்டி நான் அண்டைக்கே விழுந்திருப்பன் அண்ணை. பிறகு மூண்டு நாள் பச்சைத் தண்ணி இறங்கேல்லை. அவங்கள் மனிசர்."

எங்கள் ஆட்களின் முறையே அதுதான். செத்த செய்தியைச் செத்த செய்தியாக ஒருவரும் சொல்லமாட்டோம். முதலில் சுகமில்லை என்போம். பிறகு கொஞ்சம் கடுமை என்போம். ஆளைக் கிட்டக் கொண்டுவந்து, சாப்பிட வைத்து, பிடிக்க இரண்டு பேரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டுத்தான் உள்ளதைச் சொல்லுவோம். லண்டனுக்கு வந்தும் இது மாறவில்லை. ஊரில் தாய் தகப்பனுக்குச் சுகமில்லை என்று யாராவது வாசலில் வந்து நின்றால், கேட்கிறவருக்கு நெஞ்சு அப்போதே விழுந்துவிடும்.

எண்பத்து நாலில் அவன் அகதியாக வந்தான். மிச்சத்தில் ஆறு பேரோடு ஒரு வீட்டில் இருந்து பெற்றோல் ஷெட்டில் வேலை செய்தான். அடுத்த வருசம் ஒரு பழைய வெள்ளை வான் வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தான். முன்பு அது ஒரு குழாய் திருத்துகிறவனுடையது. பக்கத்தில் எழுதியிருந்த பெயர் பாதிதான் அழிந்திருந்தது, சிவப்பு லைட்டில் நின்றால் வெள்ளைக்காரக் கிழவிகள் தட்டி, ஒழுகிற குழாயைப் பார்க்க வரமுடியுமா என்று கேட்பார்கள்.

அந்த வானுக்கு வேலை தேடித் தந்தவள் என் தங்கச்சி பெர்னடெற். எழுபத்தெட்டில் தாதிப் படிப்புக்கு வந்து, வேல்ஸில் செப்ஸ்டோ என்ற ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை செய்தாள், அங்கேயே விடுதியில் இருந்தாள். அந்தப் பக்கத்து ஊர்களில் எங்கள் டொக்டர்மார் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கிறதென்றும், எல்லாரும் வெள்ளைக்காரன் போத்தலில் விற்கிற மஞ்சள் மாவைக் கறித்தூள் என்று நம்பிக் கறி வைக்கிறார்கள் என்றும் கடிதம் எழுதினாள். வாசித்துச் சிரித்துவிட்டு, ஒன்றுவிட்ட ஞாயிறுகளில் வானை அனுப்பத் தொடங்கினேன். வறுத்த தூள், சிவப்பரிசி, கருவாடு, ஒடியல் மா. செவர்ன் பாலம் தாண்டிச் செப்ஸ்டோ, கால்டிகொட், நியூபோர்ட், கடைசியாக அஸ்க். அஸ்க் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே டொக்டர் அம்பலவாணனும் மனைவி கனகாம்பிகையும் இருந்தார்கள். கனகாம்பிகை நல்ல மனிசி. ஆனால் அவவிடம் ஒரு செய்தி போனால் அது கார்டிஃப் வரை போகும்.

அஸ்க்கிலிருந்து செப்ஸ்டோவுக்குத் திரும்புகிற சின்ன ரோட்டில் வென்ட்வுட் என்றொரு காடு இருக்கிறது. அரசாங்கம் வரிசையாக நட்ட பைன் மரங்கள்தான் அதிகம், இடையிடையே பழைய ஓக், பீச். பக்கத்துக் குன்றில் ஏறினால் கீழே செம்மறி மேய்கிற வயல்கள், அதற்கப்பால் செவர்ன் ஆறு கடலாக விரிவது, பாலம், எல்லாம் தெரியும். சவிரிமுத்து வேலை முடிந்து அங்கேதான் வானை நிறுத்திச் சாப்பிடுவான். அவனுக்கு அந்தக் காடு பிடித்துப்போனதற்குக் காரணம் பூவும் காயுமில்லை. "அண்ணை, உள்ளுக்க எவ்வளவு தூரமும் நடக்கலாம். ஏன் வந்தனி, எங்க போறாய், அடையாள அட்டை எங்க எண்டு ஒருத்தன் கேக்கிறானில்லை" என்றான். ஆமிக்கும் இயக்கப் பொடியளுக்கும் பயந்து காட்டு ரோட்டில் லொறி ஓடியவன் அவன்.

ரோட்டில் பெயர்ப்பலகைகள் ஆங்கிலம், வெல்ஷ் என்று இரண்டு மொழியிலும் இருக்கிறதைப் பார்த்தும் வாயைப் பிளந்தான். "ரெண்டு பாசையிலயும் போட்டிருக்கிறாங்கள், ஒரு சண்டை சச்சரவில்லை" என்று பெர்னடெற்றிடம் சொல்லியிருக்கிறான். அவள் சிரித்தாளாம். "சும்மா குடுத்தவங்கள் எண்டோ நினைக்கிறீங்கள்? இவங்களும் பலகையளுக்குத் தார் பூசி, மறியலுக்குப் போய்த்தான் வாங்கினவங்கள்."

இதையெல்லாம் அவளிடம் நேரே சொல்ல முடிந்தது, ஏனென்றால் எண்பத்தாறிலிருந்து அவளும் வானில் ஏறிவிட்டாள். ஞாயிறு லீவு என்றால் செப்ஸ்டோவில் ஏறி, நியூபோர்ட், அஸ்க் என்று கூடப் போய், காட்டில் சாப்பிட்டுவிட்டு விடுதிக்குத் திரும்புவாள். முதல் வருசம் போனில் "சவிரியண்ணை வந்தவர், சவிரியண்ணை சொன்னவர்" என்று கதைத்தாள். பிறகு பிறகு அந்த "அண்ணை" காணாமல் போய்விட்டது. "அவர்" என்று மட்டும் சொன்னாள். எனக்கு விளங்காமல் இருக்க நான் என்ன சின்னப் பிள்ளையா?

விளங்கியது, பிடிக்கவில்லை. உள்ளதைச் சொல்லவேண்டும். நாங்கள் இளவாலை, படித்த குடும்பம் என்று பெயர். அவன் பேசாலைக் கடற்கரை, லொறிக்காரன். ஒரே கோவிலில், ஒரே சுவாமியார் கையால்தான் இரண்டு பேரும் நற்கருணை வாங்குகிறோம். கலியாணம் என்று வந்தால் அந்தக் கோவிலை வாசலிலேயே விட்டுவிடுகிற ஆட்கள் நாங்கள். அவனை வீட்டு மேசையில் இருத்தி ஒருநாளும் சோறு போட்டதில்லை. கடையின் பின்னறையில்தான் தேத்தண்ணி. அவளுக்கு முப்பத்துமூன்று வயது. அதற்குமேல் நான் யாரைப் பார்த்து வைத்திருந்தேன் என்று கேட்டால், ஒருவரையும் இல்லை.

எண்பத்தெட்டு, மே மாதம். அம்மாவை இருதய வைத்தியத்துக்கு இளவாலையிலிருந்து கொழும்புக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கொழும்பிலிருந்து பஸ்தியாம்பிள்ளைச் சித்தப்பா போன் எடுத்தார். "அம்மா நல்ல நினைவோட இருக்கிறா. ஆனா ரெண்டு மூண்டு நாள்தான் எண்டு டொக்டர்மார் சொல்லிப்போட்டினம். பெர்னடெற் எங்க, பெர்னடெற் எங்க எண்டு கேட்டபடி இருக்கிறா. இண்டைக்கே ரெண்டு பேரும் வெளிக்கிடுங்கோ."

பெர்னடெற்றின் விடுதிக்கு எடுத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் இரவு ஷிப்ட் முடிந்து இன்னும் வரவில்லை போலும். சவிரிமுத்து கடை வாசலில் வானுக்குள் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நின்றான். அவனிடம் போய்ச் சொன்னேன். சித்தப்பா சொன்னதில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கதை இவனுக்கு எதற்கு என்று நினைத்தேன்.

"அம்மாவுக்குக் கொஞ்சம் சுகமில்லையாம். வரேக்க தங்கச்சியையும் ஏத்திக்கொண்டு வாரும்."

அவன் மூட்டையைக் கீழே வைத்தான். தொப்பியைக் கழற்றினான். என் வலது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். "சரி அண்ணை, நான் பார்க்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனான். செத்தவீட்டுக்கு வந்தவன் மாதிரி நிற்கிறானே, விசரன் என்று எனக்கு எரிச்சல் வந்தது. அவன் உண்மையிலேயே செத்தவீட்டுக்குத்தான் வந்திருந்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

டூட்டிங்கில் டிக்கெற் போடுகிற செபமாலைமுத்துவை வீட்டிலிருந்து கூப்பிட்டு, ஞாயிறும் கந்தோரைத் திறக்க வைத்து, பன்னிரண்டு மணிக்குள் இரண்டு இடம் எடுத்துவிட்டேன். அன்றிரவு ஒன்பது மணிக்குப் பிளேன். வான் போய்த் திரும்ப ஆறு மணித்தியாலம் போதும். இரண்டு மணிக்கு வரவேண்டியவர்கள் நாலு மணிக்கும் வரவில்லை, ஐந்துக்கும் வரவில்லை. ஆறு மணிக்கு, என் மனைவி பியற்றிஸிடம் பெர்னடெற்றின் டிக்கெற்றைக் கொடுத்துவிட்டு நான் மட்டும் ஹீத்ரோவுக்குப் போனேன்.

அந்த நேரமெல்லாம் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதைப் பிறகு பெர்னடெற் பியற்றிஸுக்குச் சொன்னாள். பத்து மணிக்கு அவன் செப்ஸ்டோவுக்கு வந்திருக்கிறான். அவள் இரவு வேலை முடிந்து வந்து, நித்திரை கொள்ளாமல் இடியப்பமும் சொதியும் செய்து பெட்டியில் கட்டி வைத்திருந்தாள். "அண்ணை உங்களை வரச்சொன்னவர். அவசரமில்லை, சாமானைக் குடுத்திட்டுப் போவம்" என்றானாம். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மா, உங்களைக் கண்டு கனகாலமாம்" என்று சிரிக்கப் பார்த்தானாம்.

நியூபோர்ட், அஸ்க் எல்லாம் முடித்து, இரண்டு மணிக்கு வென்ட்வுட்டில் நிறுத்தினான். மரங்களுக்குக் கீழே நிலம் முழுக்க நீலப் பூ பூத்துக் கிடந்த மாதம். பெட்டியைத் திறந்து, தான் ஒன்றும் தொடாமல் அவளுக்கே போட்டுக் கொடுத்தான். "இன்னும் ரெண்டு எடுங்கோ, இன்னும் ஒண்டு." பகிடி விட்டு அவளைச் சிரிக்க வைத்தான். இரவு முழுக்க நின்று வேலை செய்தவள், சாப்பிட்ட களையில் அப்படியே ஓக் மரத்தடியில் சரிந்துவிட்டாள். தன் கோட்டைக் கழற்றி அவள்மேல் போர்த்திவிட்டு, பக்கத்தில் இருந்தான். எழுப்பவில்லை. ஐந்து மணிவரை இருந்தான்.

"இந்த நாட்டுக்கு வந்து அப்பிடி ஒரு நித்திரை நான் கொண்டதில்லை மச்சாள்" என்று அவள் பியற்றிஸிடம் சொல்லி அழுதாளாம்.

எட்டு மணிக்கு வான் மிச்சத்துக்கு வந்து சேர்ந்தது. கதவைத் திறந்த பியற்றிஸ் பதறிப்போனாள். "எங்க போனனீங்கள் ரெண்டு பேரும்? பிளேன் ஒம்பதுக்கு! அவர் பார்த்துப் பார்த்து ஆறு மணிக்குப் போயிட்டார். மாமி உன்னைத்தானடி கேட்டபடி இருக்கிறாவாம்."

சவிரிமுத்து படியில் ஏறவந்த காலைக் கீழே வைத்தான். "அம்மா உயிரோடயோ இருக்கிறா?" என்றான்.

பெர்னடெற் திரும்பி அவனைப் பார்த்தாள். "அப்ப, செத்துப்போனா எண்டு நினைச்சுக்கொண்டோ எனக்குச் சாப்பாடு போட்டனீங்கள்? என்னை நித்திரை கொள்ள விட்டுட்டு இருந்தனீங்கள்?"

"அழுறதுக்கு முதல் கொஞ்சம் படுக்கட்டும் எண்டுதான்" என்றான். அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு அவள் அவனோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

நான் திங்கள் பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டா, கண் மட்டும் எனக்குப் பின்னால் கதவடியில் நின்றது. "வாறாள் அம்மா, வந்துகொண்டிருக்கிறாள்" என்று அன்றிரவு முழுக்கப் பொய் சொன்னேன். அடுத்த பிளேனில் இடம் கிடைத்தது புதன்கிழமைதான். அம்மா அதற்கு முதல், செவ்வாய் விடியவே போய்விட்டா. பெர்னடெற் வியாழன் வந்து, பெட்டிக்குள் முகத்தைத்தான் பார்த்தாள். "உனக்காகத்தான் பிள்ளை உயிரைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தவ" என்று சித்தப்பா சொன்னார். அவர் ஆறுதலுக்குச் சொன்னார். அவள் சுவரில் தலையை மோதிக்கொண்டாள்.

லண்டனுக்கு வந்ததும் சனிக்கிழமை, கடை நிறையச் சனம் நிற்கும் நேரம் பார்த்துச் சவிரிமுத்துவைக் கூப்பிட்டேன். என் வாயில் வராத சொல்லில்லை. "என்ர அம்மாவைக் கடைசியாப் பார்க்கவிடாமல் என்ர தங்கச்சியைக் காட்டுக்க கொண்டுபோய் வைச்சிருந்தவன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அந்தச் சொல்லுக்கு என்னென்ன அர்த்தம் எடுப்பார்கள் என்று தெரிந்துதான் சொன்னேன். "நீங்கள் அப்பிடித்தானே அண்ணை சொன்னனீங்கள்" என்று அவன் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "ஓம் அண்ணை, என்னிலதான் பிழை" என்றான். கடைத் திறப்புக்கொத்தைக் கல்லாப்பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனான்.

வென்ட்வுட்டில் நின்ற அந்த ஞாயிறுதான் அவளிடம் கலியாணப் பேச்சை எடுக்க இருந்தானாம். பல வருசம் கழித்துப் பியற்றிஸிடம் சொல்லியிருக்கிறான். தாய் செத்தது தெரியாத பிள்ளையிடம் அதை எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டானாம்.

அதற்குப் பிறகு ஒன்பது வருசம் மினிகாப் ஓடினான். கலியாணம் செய்யவில்லை. பெர்னடெற்றுக்கு மூன்று கடிதம் போட்டான், மூன்றும் திறக்காமல் திரும்பி வந்தன. கோவிலில் கடைசி வாங்கில் இருந்துவிட்டு, ஆசீர்வாதம் முடியமுதல் எழும்பிப் போய்விடுவான். ஒவ்வொரு மே மாதமும் என் அம்மாவின் பெயரில் ஒரு பூசைக் கருத்து வாசிக்கப்படும். ஒப்புக்கொடுத்தவர் பெயர் இராது. யாரென்று எனக்குத் தெரியும். ஒருநாளும் திரும்பிப் பார்த்துத் தலையசைத்ததில்லை நான். பியற்றிஸைக் கண்டால் மட்டும், "நல்லா இருக்கிறாவோ?" என்று கேட்பான். பெயர் சொல்லமாட்டான். அவளும் செப்ஸ்டோவிலேயே தனியாக இருந்தாள். விடுதியை விட்டு ஒரு சின்ன வீட்டுக்கு மாறினாள், அவ்வளவுதான்.

போன மாதம் காருக்குள் இருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். நாற்பத்தேழு வயது.

அடக்கப் பூசைக்குப் பெர்னடெற் வந்தாள். நான் எதிர்பார்க்கவில்லை. கோவில் வாசலில் என்னை மறித்தாள். தலை பாதி நரைத்திருந்தது.

"அண்ணை, கனகாம்பிகை அக்கா சவிரி செத்ததுக்கு என்னட்டத் துக்கம் கேட்க வந்தவ. வந்த இடத்தில ஒரு கதை சொன்னவ. கடைசியா நாங்கள் ரெண்டு பேரும் அவ வீட்டில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கேக்க நீங்கள் போன் எடுத்தனீங்களாம். உண்மையோ?"

மேலே எழுதும்போது இதை விட்டுவிட்டேன். இப்போது எழுதுகிறேன். அந்த ஞாயிறு ஒரு மணிக்கு, இரண்டு டிக்கெற்றையும் கையில் வைத்துக்கொண்டு அஸ்க்குக்குப் போன் எடுத்தேன். கனகாம்பிகைதான் எடுத்தா. "வான் வாசல்லதான் நிக்குது. பெர்னடெற்றும் வந்திருக்கிறா. ரெண்டு பேரும் இங்கதான், குடுக்கட்டோ?" என்றா. அந்த "ரெண்டு பேரும்" என்பதில் ஒரு சிரிப்பு இருந்தது. லொறிக்காரனோடு என் தங்கச்சி ஊர் சுற்றுகிறாள் என்பது இவவுக்குத் தெரிந்துவிட்டதே என்று என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. போனை வாங்கிக் கதைத்தால் அதை நானே ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. செய்திதான் சொல்லியாயிற்றே, வந்துவிடுவார்கள் என்றும் நினைத்தேன். அப்போது வெளிக்கிட்டிருந்தால் நாலு மணிக்கு மிச்சத்தில் நின்றிருப்பார்கள். அம்மா அவளைப் பார்த்திருப்பா.

"உண்மைதான்" என்றேன்.

"என்ன கேட்டனீங்கள்?"

"சிவப்பரிசி மூட்டை சரியா வந்ததோ எண்டு கேட்டனான்."

அவள் உள்ளே போய், பெட்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, அவன் முகத்தைத் தடவி, எல்லாரும் கேட்க அவனோடு கதைத்தாள். ஒன்பது வருசக் கதையையும் கதைத்தாள். சுவாமியார் பூசையைத் தொடங்காமல் காத்துக்கொண்டு நின்றார். அடக்கம் முடிந்ததும் என் பக்கம் பாராமல் கோச்சில் ஏறிப் போய்விட்டாள்.

பியற்றிஸ் போன் எடுத்தால் கதைக்கிறாள். என் குரல் கேட்டால் வைத்துவிடுகிறாள்.